மின்னழுத்தம்: உயர்வா, தாழ்வா?

2022 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில் நாளொன்றில் 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நம்மவர் மறந்திரார். அந்நாட்களிற் கொட்டாஞ்சேனை அன்பர் ஒருவர் பற்றரியும் இன்வேட்டரும் வாங்கி இல்லத்திற் பொருத்தினார். முதல் இரவே கம்பியின் மேலுறை உருகி நாற்றம் எழுந்தது. “பன்னிரண்டு வோல்ற் தானே, மாஸ்ரர்! தொட்டாலும் ஒன்றும் செய்யாதே. கம்பி ஏன் சுட்டது?” என்று என்னை வினவினார்.

நியாயமான வினாவே. ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றின் வழியே ஒரே தடவையில் 1200 தேங்காய்களைக் கொண்டுசெல்ல வேண்டுமென வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 12 காய் எனின் 100 பேர் வேண்டும். 48 காய் எனின் 25 பேர் போதும். காய்களின் தொகை ஒன்றே, நெரிசலோ வேறு. ஓர் ஆள் சுமக்கும் அளவை அழுத்தமெனவும், ஆட்களின் தொகையை ஓட்டமெனவும் கொள்க.

அவ்வாறே 1200 வாற் வலுவைப் பெற, 12 வோல்ற்றில் 100 அம்பியர் ஓடவேண்டும். 48 வோல்ற்றில் 25 அம்பியரே போதும். கம்பியிற் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவது. ஆதலால் ஓட்டம் நான்கில் ஒரு பங்கானால், அதே கம்பியில் வெப்பம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். வீட்டுக்கும் நாட்டுக்கும் விதி ஒன்றே. மலைநாட்டு நீர்மின் நிலையங்களின் மின்சாரம் 1,32,000 அல்லது 2,20,000 வோல்ற்றுக்கு உயர்த்தப்பட்டுக் கொழும்பை நோக்கி வருவதும் இதனாலேயே.

“அங்ஙனமாயின் வீட்டுப் பற்றரியையும் 400 வோல்ற் ஆக்கலாமே!” என மாணவர் கேட்பர். உயர்வுக்கும் விலை உண்டு. அவ்வழுத்தம் தொட்டவரின் உயிரைப் பறிக்க வல்லது. பற்றரி தருவது நேரோட்டம். ஆளியைத் திறக்கும்போது எழும் தீப்பொறி அதில் எளிதில் அணையாது. இன்வேட்டரினுள் ஓட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தும் திரான்சிஸ்டர்கள் உயர்ந்த அழுத்தத்தைத் தாங்குமாறு அமைக்கப்படின், பொதுவாக அவற்றின் தடை மிகும், விலையும் ஏறும். தொடராக இணைத்த கலங்கள் பலவற்றுள் ஒன்று பழுதுற்றாலும் தொடர் முழுவதும் தளரும். ஆகவேதான் வீடுகளுக்கு 24, 48 வோல்ற் என்னும் நடுவழியைப் பலரும் கொள்கின்றனர்.

அன்பரின் பிழை 12 வோல்ற்றைத் தேர்ந்ததன்று. அதற்கு மெல்லிய கம்பியைப் பூட்டியதே. தாழ்ந்த அழுத்தமெனின் கம்பி தடித்ததாகவும் குறுகியதாகவும் இருத்தல் வேண்டும்; பற்றரியின் அருகிலேயே தக்க பியூசும் வேண்டும். பன்னிரண்டு வோல்ற் கையைத் தாக்காது; கவனம் தப்பினால் வீட்டை எரித்துவிடும்.