ஹாஸ்டலில் யார் ஆட்சி?

கலாசாலைகள் திறந்து, புது மாணவர்கள் பெட்டி படுக்கையுடன் ஹாஸ்டலுக்கு வந்து சேரும் காலந்தோறும் ஒரு சடங்கு தவறாமல் நடந்து வருகிறது. ராகிங் செய்வதில்லை என்று மாணவனும் அவன் பெற்றோரும் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள். வாசலில் எச்சரிக்கைப் பலகை தொங்குகிறது. வரவேற்புக் கூட்டத்தில் பிரின்ஸிபால் சட்டத்தை வாசித்துக் காட்டுகிறார். அன்றிரவு விளக்கணைந்த பிறகு பல ஹாஸ்டல்களில் நடக்கும் சங்கதியோ வேறு. பகலில் பத்திரம் எழுதி வாங்கிய ஸ்தாபனத்திற்கு இரவில் அங்கே அதிகாரம் இல்லை. பின் யாருக்குத்தான் அதிகாரம் இருக்கிறது என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

சட்டம் போதவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1996 நவம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா வைத்தியக் கலாசாலையின் முதலாண்டு மாணவன் ஒருவன், ஸீனியர் மாணவன் ஒருவனால் கொலையுண்ட கோரத்தைத் தமிழ் நாடு மறந்திருக்காது. அவ்வருஷம் முடிவதற்குள் சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்தனர். 1997-இல் அது முறையான சட்டமாயிற்று. இரண்டு வருஷம் வரை சிறை, பதினாயிரம் ரூபாய் வரை அபராதம், கலாசாலையிலிருந்து நீக்கம் என்று தண்டனைகள் வகுக்கப்பட்டன. கொலை வழக்கோ 1998-இல் கடலூரில் தண்டனை, 2001-இல் சென்னை ஹைக்கோர்ட்டில் விடுதலை, 2011-இல் சுப்ரீம் கோர்ட்டில் மீண்டும் தண்டனை என்று பதினான்கு வருஷங்களுக்கு மேல் நடந்தது. அதற்குள் 2007-இல் ஸ்ரீ ஆர்.கே. ராகவன் தலைமையிலான கமிட்டி, சுப்ரீம் கோர்ட்டின் கட்டளைப்படி தேசமெங்கும் விசாரித்து அறிக்கை கொடுத்தது. 2009 மார்ச்சில் ஹிமாசலப் பிரதேசத்துக் காங்கிரா ஜில்லாவில் மற்றொரு வைத்திய மாணவன் மாண்டான். அவ்வாண்டே சர்வகலாசாலை மானியக் கமிஷன் விரிவான விதிகளை வெளியிட்டது. முன்சொன்ன பிரமாணப் பத்திரச் சடங்கும் அவ்விதிகளில் வந்ததுதான்.

அப்புறம் என்ன நடந்தது? 2023 ஆகஸ்டில் கல்கத்தா ஜாதவ்பூர் சர்வகலாசாலை ஹாஸ்டலின் மாடியிலிருந்து முதலாண்டு மாணவன் ஒருவன் விழுந்து இறந்தான். 2024 பிப்ரவரியில் வயநாட்டுக் கால்நடை வைத்தியக் கலாசாலையில் ஒரு மாணவன், சக மாணவர்களால் அடித்து அவமதிக்கப்பட்டான் என்ற குற்றச்சாட்டினிடையே, ஹாஸ்டலில் பிணமாகக் காணப்பட்டான். 2025 பிப்ரவரியில் கோட்டயம் சர்க்கார் நர்ஸிங் கலாசாலையில், ஜூனியர்களை மாதக் கணக்கில் துன்புறுத்தியதாக ஐந்து மாணவர்கள் கைது செய்யப்பட்டார்கள். நோயாளிக்குப் பணிவிடை செய்யப் பயிலும் கூடத்திலேயே இந்த நிலை!

இதை ஆதரித்துப் பேசுவோரும் உண்டு. ராகிங் கூச்சத்தைப் போக்குமாம். பணக்காரன் மகனையும் ஏழை மகனையும் ஒரே மட்டத்தில் நிறுத்துமாம். பிற்காலத்தில் நட்பாகக் கனியுமாம். இந்த ஸமத்துவ வாதம் பலமாக ஒலித்த இடம் இலங்கை. ஸர் ஐவர் ஜென்னிங்ஸ் மாணவர் அனைவரும் உடன் உறைந்து பயிலும் இடமாகவே பேராதனைச் சர்வகலாசாலையைத் திட்டமிட்டார். ஆங்கிலம் பேசும் நகரத்துப் பிள்ளையின் கர்வத்தை அடக்கவே இது என்று கிராமத்திலிருந்து வந்த மாணவர்கள் அங்கே சொல்லிவந்தார்கள். பலன் என்ன? 1975-இல் ராமநாதன் விடுதியில் ஒரு மாணவி கொடுமைக்கு அஞ்சி மாடியிலிருந்து குதித்து, உடல் முடங்கிப் போனாள். 1997-இல் எஞ்சினீயரிங் பயில வந்த தமிழ் இளைஞன் ஒருவன், அளவு மீறித் தேகப்பயிற்சி செய்யுமாறு நிர்ப்பந்திக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து உயிர் நீத்தான். அடுத்த ஆண்டு அங்கும் சட்டம் வந்தது. இலங்கைத் தமிழர் இதற்குப் பகடிவதை என்று பெயரிட்டிருக்கிறார்கள். பகடி முதலில், வதை பின்னால். நடக்கிற வரிசையும் அதுவே.

ஸமத்துவம் என்பது வெறும் சாக்கு. ஆங்கில நாட்டுப் பெரிய பள்ளிகளில் இளைய மாணவன் மூத்தவனுக்கு எடுபிடியாய் இருந்து, பூட்ஸ் துடைத்து, ரொட்டி வாட்டிக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஏவலுக்குக் கீழ்ப்படிந்தவனே பின்னால் ஏவத் தகுந்தவன் என்பது அதன் தத்துவம். சாம்ராஜ்யம் ஆளப் பிறந்தோர்க்கு அது உதவியிருக்கலாம். சாம்ராஜ்யம் போன பின் அங்கேயே அவ்வழக்கம் மறைந்தது. நாமோ அதே மனோபாவத்தைச் சுதந்திர தேசத்தின் ஹாஸ்டல்களில் வளர்த்து வருகிறோம். முதலாண்டு மாணவனை வதைப்பதில் இரண்டாம் ஆண்டு மாணவன்தான் முந்துகிறான் என்பது ஹாஸ்டலில் இருந்தவர்கள் அறிந்ததே. மருமகளாய்ப் பட்டதை மாமியாரான பின் தீர்த்துக் கொள்ளும் கதைதான்.

இனி மூலத்துக்கு வருவோம். ஹாஸ்டலில் யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும். பழைய பரீட்சைக் கேள்விகளும் குறிப்புகளும் ஸீனியர்களிடம் இருக்கின்றன. மெஸ் கணக்கு, ஆட்டக் குழு, விழா வசூல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. எந்த உபாத்தியாயர் எப்படி என்று சொல்வதும் அவர்களே. வார்டனோ பாடம் நடத்துவதோடு இதையும் சேர்த்துச் சுமக்கும் ஆசிரியர். இரவில் தம் வீட்டில் இருப்பவர். அவரைத் தேடிப் போய் முறையிட்டவன் திரும்பி வந்து படுக்க வேண்டியது அதே ஹாஸ்டலில்! ஜாதவ்பூரில் கைதானவர்களில், படிப்பு முடிந்தும் ஹாஸ்டலை விட்டு நீங்காத பழைய மாணவனும் இருந்தான். இந்நிலைமையில் எவன் வாய் திறப்பான்?

மாணவரிடையே போட்டி இருக்கத்தான் செய்யும். டிபார்ட்மெண்டுக்கு டிபார்ட்மெண்ட், ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் பந்தாட்டத்திலும் நாடகத்திலும் மோதிக் கொள்வதை நாம் குறை கூறவில்லை. அது இல்லாத கலாசாலை சத்திரத்துக்குச் சமானம். ஆனால் எங்கள் ‘பாட்ச்’ என்ற பற்று, கண்ணால் கண்ட குற்றத்தையும் மறைக்கும் கட்டுப்பாடாக மாறும்போது அது வேறு சரக்கு. ஊர்ப் பற்றும் ஜாதிப் பற்றும் அதனுள் நுழைந்து விட்டால் கேட்க வேண்டியதில்லை. குற்றவாளி இன்னார் என்று தெரியாவிட்டால் எல்லோரையும் கூட்டாகத் தண்டிக்கலாம் என்று கமிஷன் விதி சொல்கிறது. எமது அபிப்பிராயத்தில் இது தவறான யுக்தி. குற்றமற்றவனையும் குற்றவாளியோடு ஒரே கட்சியாக்கி, முறையிட்டவனை ஹாஸ்டல் முழுதுக்கும் விரோதியாக்கவே இது பயன்படும்.

அதே விதிகளில் நல்லவையும் உண்டு. முதலாண்டு மாணவர்களுக்குக் கூடியவரை தனி ஹாஸ்டல் வேண்டும். ராகிங் குற்றம் நடந்தால் ஸ்தாபனத் தலைவரே இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்ய வேண்டும் என்பவை அவை. ‘கூடியவரை’ என்ற சொல்லில் நுழைந்து பல நிர்வாகங்கள் தப்பித்துக் கொள்கின்றன. கலாசாலையின் பெயர் கெடுமே என்று புகாரும் தாமதமாகிறது. கோட்டயத்தில் பிரின்ஸிபால் சஸ்பெண்டு செய்யப்பட்டது மாணவர்கள் கைதான பிறகுதான்.

ஆகவே புதிய சட்டத்தை நாம் கேட்கவில்லை. முதலாண்டு ஹாஸ்டலுக்கெனத் தனி வார்டனை நியமித்து, பாடச் சுமையைக் குறைத்து, ஹாஸ்டலுக்குள்ளேயே அவருக்கு வீடு கொடுக்க வேண்டும். படிப்பு முடிந்தவர்களை ஒரு மாதத்தில் வெளியேற்ற வேண்டும். இவற்றுக்குச் செலவுண்டு, அச்செலவைச் சர்க்கார் மானியத்திலேயே சேர்க்கலாம். அடுத்த அட்மிஷனுக்குப் பணம் கட்டப் போகும் தகப்பனார், ரசீது வாங்குமுன் ஆபீஸில் ஒன்று கேட்கட்டும்: இரவில் என் பையன் தூங்கும் கட்டடத்தில் உங்கள் ஆசிரியர்களில் யார் தூங்குகிறார்?