ஒழுகும் ஸ்படிகத்தின் கோலங்கள்

சோப்பு வைக்கும் பெட்டியின் அடியில், தண்ணீரில் ஊறிக் கொழகொழவென்று ஒரு பண்டம் தேங்கி நிற்பதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அது திடப் பொருளா, திரவமா என்று வீட்டுப் பிள்ளை கேட்டால், நாம் சிரித்துவிட்டு அதைக் கழுவி ஊற்றிவிடுவோம். ஆனால் இதே கேள்வியைப் பற்றி ஐரோப்பியப் பண்டிதர்கள் முப்பது வருஷங்களுக்கு மேல் வாதாடினார்கள்.

1888-ம் வருஷத்தில் பிராக் நகரில் ரெய்னிட்சர் என்ற தாவர சாஸ்திரி, கொலஸ்டிரில் பென்ஸோயேட் என்னும் வஸ்துவை உருக்கிப் பார்த்தார். 145.5 டிகிரி உஷ்ணத்தில் அது உருகிற்று. ஆனால் பால் போலக் கலங்கியிருந்தது. 178.5 டிகிரியை எட்டியதும் திடீரென்று தெளிந்துவிட்டது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலை உண்டா? அவர் அதை ஜெர்மனியிலிருந்த ஆட்டோ லேமனுக்கு அனுப்பினார். லேமன் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது திரவம்போல் ஒழுகுகிறது, ஆனால் ஒளியிடம் ஸ்படிகம்போல் நடந்துகொள்கிறது என்று கண்டு, ‘திரவ ஸ்படிகம்’ என்ற கொள்கையை வெளியிட்டார். டாம்மன் முதலிய ரஸாயன நிபுணர்கள் இதை ஒப்பவில்லை. இரண்டு திரவங்கள் சரியாகக் கலவாத கலக்கமே இது என்றார்கள்.

வழக்குக்குத் தீர்ப்புக் கூறியவை, அப்பொருளில் தோன்றிய குறைகளே என்பதுதான் விந்தை. 1910-ல் பிரீடல், கிராண்ட்ஜான் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள், சில திரவ ஸ்படிகங்களின் உள்ளே மெல்லிய கோடுகளைக் கண்டார்கள். அவை ஜோடி ஜோடியாகவே இருந்தன. ஒன்று முட்டை வடிவான நீள்வட்டம். மற்றொன்று அதற்குச் செங்குத்தான தளத்தில் வளைந்து செல்லும் அதிபரவளைவு. ஒன்றின் குவியத்தின் வழியே மற்றொன்று தவறாமல் சென்றது. தாறுமாறான கலக்கத்தில் இத்தகைய கணக்கு எங்கிருந்து வரும்?

இதிலிருந்து பிரீடல் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஊகித்தார். மூலக்கூறுகள் வெற்றிலைக் கவுளிபோல் அடுக்கடுக்காக அமைந்திருக்க வேண்டும்; எல்லா அடுக்குகளும் ஒரே கனமாக இருக்க வேண்டும்; அப்போதுதான் இந்த ஜோடிக் கோடுகள் உண்டாகும் என்றார். 1922-ல் எழுதிய நீண்ட கட்டுரையில், சோப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இவ்வகைக்கு ‘ஸ்மெக்டிக்’ என்று பெயரும் இட்டார். மறு வருஷமே அவருடைய புதல்வர் எட்மண்ட், மாரிஸ் டி பிராக்லியுடன் சேர்ந்து, எக்ஸ்-கதிரைக் கொண்டு அந்த அடுக்குகள் உண்மைதான் என்று காட்டினார். தந்தை கண்ட குறி பொய்க்கவில்லை.

அடுக்கு ஒன்றின் கனம் மிக மிக அற்பம். சுமார் மூன்று லட்சம் அடுக்குகள் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும். இவற்றின் சுபாவத்தை அறியப் புத்தகத்தை வளைத்துப் பார்த்தால் போதும். ஏடுகள் எளிதில் வளையும். ஆனால் ஏட்டின் கனம் மாறாது. வளைவேன், ஆனால் கனத்தை விடமாட்டேன் என்பதே ஸ்மெக்டிக்கின் விரதம்.

இத்தகைய வைராக்கியமுள்ள பொருளை ஓர் இடுக்கில் அடைத்தால் என்ன செய்யும்? ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் அதை மெல்லிய படலமாகப் பூசுவதாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ள தகடு, மூலக்கூறுகளைப் படுக்கச் சொல்கிறது. மேலே உள்ள காற்று, அவற்றை நிற்கச் சொல்கிறது. மூலக்கூறு படுத்தால் அடுக்கு நிமிரும். மூலக்கூறு நின்றால் அடுக்கு படுக்கும். ஆகவே, மேலே கிடையாக உள்ள அடுக்குகள் வளைந்து இறங்கித் தகட்டைச் செங்குத்தாகத் தொட வேண்டியதாகிறது. நம் மெதுவடையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் துளையை ஒட்டிய உட்புறம் எப்படி வளைந்து இறங்குகிறதோ, அப்படியே ஒன்றனுள் ஒன்றாக அடுக்குகள் இறங்குகின்றன. பிரீடலின் நீள்வட்டம் இங்கே வட்டமாகிறது. மற்ற வளைகோடு நடுவில் நேர்கோடாக நிற்கிறது. மேற்பரப்பில் ஒரு சிறு குழி தெரிகிறது. இவ்வாறு எண்ணற்ற குழிகள், தேன்கூட்டின் அறைகளைப்போல் தாமாகவே வரிசை கட்டி நிற்கின்றன. கோலமிட்ட கை எதுவும் இல்லை.

கோலத்தின் அளவை நிச்சயிப்பது இடத்தின் அளவேயாகும். படலம் தடித்தால் குழிகள் பெரிதாகும். படலம் மிகவும் மெலிந்தாலோ, வளைவதற்கு ஆகும் செலவு அதனால் கிடைக்கும் லாபத்தை மிஞ்சிவிடும், குழியே தோன்றாது. 2004-ல் விஞ்ஞானிகள் சிலர், தலைமயிரினும் நுண்ணிய கால்வாய்களைச் சிலிக்கன் தகட்டில் வெட்டி அவற்றில் ஸ்மெக்டிக்கை நிரப்பினார்கள். திறந்த வெளியில் அங்கங்கே சிதறித் தோன்றும் குறைகள், கால்வாய்க்குள் சிப்பாய்களைப்போல் அணிவகுத்து நின்றன. 2013-ல் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையார் நுண்ணிய தூண்களை நட்டு, அவற்றைச் சுற்றிலும் இதழ் விரித்த மலர்போன்ற வடிவங்களை உண்டாக்கினார்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். அந்தக் குழிகளில் நுண்துகள்களை வரிசையாகச் சேர்க்க முடிகிறது. நுட்பமான வார்ப்படங்கள் செய்யவும், தண்ணீர் ஒட்டாத பரப்புகளை அமைக்கவும் அவை உதவுகின்றன. உளி கொண்டு செதுக்க முடியாததைப் பொருள் தானே செதுக்கித் தருகிறது.

இத்துறையில் நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. 1977-ல், பெங்களூரில் ராமன் ஸ்தாபித்த ஆராய்ச்சி நிலையத்தில், அவருடைய மருமான் எஸ். சந்திரசேகரும் அவருடைய தோழர்களும், தட்டு வடிவ மூலக்கூறுகள் தூண்தூணாக அடுக்கிக்கொள்ளும் புதியதொரு திரவ ஸ்படிகத்தைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தார்கள்.

குறை என்று சொல்லி ஒதுக்கியிருந்தால், அந்தக் கோடுகளின் உள்ளே இருந்த ஒழுங்கை யாரும் அறிந்திருக்க முடியாது. அடைப்பும் நெருக்கடியும் எல்லாப் பொருள்களுக்கும் வருகின்றன. தண்ணீரைக் கால்வாயில் விட்டால் அது கால்வாயின் வடிவத்தைப் பெறுகிறது, அவ்வளவுதான். விட்டுக்கொடுக்காத விரதம் ஒன்று உள்ளே இருக்கும் பொருளே, அடைபட்ட இடத்தில் மலராக விரிகிறது. அடுத்த முறை சோப்புப் பெட்டியைக் கழுவும்போது, பிள்ளையின் கேள்விக்குச் சிரிக்காமல் பதில் சொல்லலாம் அல்லவா?