கிட்டங்கியில் தங்க வாடகை கொடுத்தேன்

நாற்பது ஆண்டுகளாக விருதுநகரில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்துவரும் எனக்குக் கிட்டங்கியில் தூங்குவது புதிதல்ல. லோடு வரத் தாமதமாகும் இரவுகளில் மூட்டை அட்டியின் மேலேயே சாக்கை விரித்துப் படுத்திருக்கிறேன். ஆனால் கிட்டங்கியில் படுக்க வாடகை கொடுத்தது, சிங்கப்பூரில் வேலையாயிருக்கும் மகனைப் பார்க்கப் போனபோதுதான்.

"உங்களுக்குப் பிடித்த மாதிரி இடம்ப்பா" என்று ஆற்றங்கரையில் ஹேவ்லாக் ரோட்டில் உள்ள 'தி வேர்ஹவுஸ் ஹோட்டல்' என்ற விடுதியில் இரண்டு இரவுக்கு அறை போட்டிருந்தான். பெயரே கிட்டங்கிதான். 1895-ஆம் ஆண்டு மசாலாச் சரக்கு வைக்கக் கட்டிய, மூன்று கூம்புக் கூரைகள் கொண்ட கட்டடம். பின்னாளில் அந்தப் பகுதியில் கள்ளச்சாராயமும் ரகசியக் கும்பல்களும் இருந்ததை ஓட்டல்காரர்களே மறைக்காமல் சொல்கிறார்கள். 1986-இல் அது டிஸ்கோ ஆனது. அதுவும் மூடிக் கிடந்து, 2017-இல் 37 அறைகளோடு விடுதியாகத் திறந்தது. முகப்புக் கூடத்தில் மூட்டை தூக்கும் கப்பிகளைப் போன்ற சக்கரங்களை வைத்தே விளக்கு அமைத்திருக்கிறார்கள். நான் விளக்கைப் பார்க்கவில்லை, கூரையின் உயரத்தைத்தான் பார்த்தேன். அட்டி போட எத்தனை வரிசை போகும் என்று மனது கணக்குப் போட்டது. சுவரில் மூக்கை வைத்து மிளகு வாசனை மிச்சமிருக்கிறதா என்றும் பார்த்தேன். மகனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டு நாள் வாடகையைக் கேட்காதீர்கள். நம் ஊரில் நல்ல கிட்டங்கிக்கு ஒரு மாத வாடகைக்கு மேலேயே வரும்.

இரவு ஆற்றோரமாகக் கிளார்க் கீ வரை நடந்தோம். கரை நெடுகிலும் குடிக்கூடங்கள், பாட்டு, கூட்டம். எல்லாமே பழைய கிட்டங்கிகள். வழியில் ஒரு சிறு கடையில் சரியாக 10.30 மணிக்கு பீர் பெட்டியைப் பூட்டினார்கள். 2015-இல் வந்த சட்டப்படி இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை கடைகளில் மது விற்கக் கூடாதாம். எதிரே உரிமம் பெற்ற குடிக்கூடத்தில் அதற்குப் பிறகுதான் வியாபாரம் சூடு பிடிக்கிறது. மதுவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சின்னக் கடைக்கு ஒரு கடிகாரம், பெரிய இடத்துக்கு வேறு கடிகாரம் என்பது எந்த ஊரிலும் மாறவில்லையே என்றுதான் நினைத்தேன்.

இந்தக் கிட்டங்கிகள் ஏன் காலியாயின? 1977-இல் ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கியது. 1983-இல் சரக்குத் தோணிகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. தோணி போனால் கிட்டங்கிக்கு வேலை ஏது? 1989-இல் போட் கீ, கிளார்க் கீ பகுதிகளைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்ததால் கட்டடங்கள் பிழைத்தன. வியாபாரி திரும்பி வரவில்லை.

நம்மவர் கிட்டங்கிகளுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நகரத்தார் பகலில் பெட்டியடியில் வட்டிக்கடை நடத்தி, இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுத்த இடங்களுக்குப் பெயரே 'கிட்டங்கி'தான். நகரச் சீரமைப்பில் அவை போய்விட்டன. அவர்கள் 1859-இல் எழுப்பிய டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் விடுதியிலிருந்து நடக்கும் தூரம். மறுநாள் காலையில் அங்கே போய்க் கும்பிட்டு வந்தேன்.

இதை எழுதக் காரணம் உண்டு. எங்கள் அப்பா கட்டிய சுண்ணாம்புச் சுவர்க் கிட்டங்கி மூன்று அண்ணன் தம்பிக்குப் பொதுவாக இருக்கிறது. அதை இடித்துக் காம்ப்ளக்ஸ் கட்ட ஒருவர் முன்பணத்தோடு நிற்கிறார். மகனோ, "விடுதியாக மாற்றினால் என்னப்பா?" என்கிறான். சிங்கப்பூருக்கு ஊர் சுற்ற வருகிறவர்கள் வத்தல் நெடியில் தும்மிக்கொண்டு நம் ஊரில் தங்க வருவார்களா? அது நடக்காது.

ஆனால் இடிப்பதற்கும் நான் உடன்பட மாட்டேன். புதுக் காம்ப்ளக்ஸ்களில் பாதிக் கடைகளில் 'வாடகைக்கு' என்ற போர்டு தொங்குவதை நாம் தினமும் பார்க்கிறோம். தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் வத்தல் நிறம் வெளுப்பதும், பழைய கிட்டங்கியில் அதே வத்தல் சிவப்பு மாறாமல் கிடப்பதும் சரக்கு வைத்துப் பார்த்தவருக்குத் தெரியும். நமக்கு அது அலங்காரப் பொருள் அல்ல, இன்றைக்கும் சம்பாதித்துத் தரும் இடம். லாரி உள்ளே வர முடியவில்லை என்பதுதான் ஒரே குறை. அதற்கு இரவு நேர லோடு இறக்கத்துக்குத் தெருவில் நேரம் ஒதுக்கித் தரும்படி நம் சங்கம் நகராட்சியிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். இடிக்க நினைக்கும் உறுப்பினர்களும் முன்பணம் வாங்கும் முன் சங்கத்தில் ஒரு வார்த்தை சொன்னால், வாடகைக்கு எடுக்க வேறு வியாபாரி கிடைக்கக்கூடும்.

ஓடு மாற்ற ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன். பெரிய தம்பி சரி என்றுவிட்டான். சின்னவன் இன்னும் பதில் சொல்லவில்லை.