பதினாறை இரண்டாக்கும் கணக்கு

கணினி இவ்வளவு வளர்ந்த பிறகு சமச்சீர் எதற்கு? குவாண்டம் ஸ்பின் கணக்குகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தவர்களுக்கு அது தேவைப்பட்டதாம். இன்று அணியை அப்படியே இயந்திரத்திடம் கொடுத்தால் ஆயிற்றாம். எண்ணிப் பார்க்கும்வரை நியாயமாகத்தான் தோன்றும்.

ஒரு ஸ்பின்னுக்கு மேல், கீழ் என இரண்டு நிலை. 40 ஸ்பின்னுக்குச் சுமார் 1,10,000 கோடி நிலைகள். எண்ணுக்கு 8 பைட் வீதம் ஒரே ஒரு அலைச்சார்பை எழுதி வைக்கவே 8.8 டெராபைட் வேண்டும். இன்னொரு ஸ்பின் சேர்ந்தால் அதுவும் இரட்டிப்பு. நினைவகத்தை இருமடங்காக்கிச் செலவழித்தவருக்குக் கிடைப்பது ஒற்றை ஸ்பின்.

அதே 40-ஐ ஹைசன்பர்க் வளையமாக, அதாவது அண்டை ஸ்பின்கள் சம வலிமையில் இணைந்த வட்டமாக வைப்போம். மேலும் கீழும் சரிபாதியாக உள்ள நிலைகளை மட்டும் பிரித்தால் 13,784 கோடி. வளையத்தை எத்தனை இடம் சுழற்றினாலும் அதே வளையம்தான், 40-ஆல் வகுக்கலாம். கண்ணாடிப் பிம்பத்துக்கு ஒரு 2, எல்லா ஸ்பின்னையும் தலைகீழாக்குவதற்கு இன்னொரு 2. மிஞ்சுவது சுமார் 86 கோடி, அதாவது 7 ஜிகாபைட். நல்ல மடிக்கணினியில் அடங்கிவிடும்.

மற்றதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டுக் கணக்கு சுருங்கியது என்பதா என்று அடுத்த கேள்வி. எதையும் எறியவில்லை. நான்கே ஸ்பின் உள்ள வளையத்தில் இதைக் கையாலேயே சரிபார்க்கலாம். மொத்தம் 16 நிலைகள். சரிபாதி உள்ளவை 6. அவற்றில் மேல்-கீழ் மாறி மாறி வருபவை 2, மேல்-மேல்-கீழ்-கீழ் எனச் சோடி சேர்ந்தவை 4. வளையத்தைச் சுழற்றினால் அந்த இரண்டும் தமக்குள், இந்த நான்கும் தமக்குள் இடம் மாறிக்கொள்கின்றன. ஆகவே சுழற்சியில் மாறாத சேர்க்கைகள் இரண்டே. 16-க்கு 16 அணி, 2-க்கு 2 ஆகிவிட்டது. இணைப்பு வலிமையை 1 என்று கொண்டால், பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடு: ஆற்றலின் வர்க்கத்தோடு ஆற்றலைக் கூட்டி 2-ஐக் கழித்தால் சுழி. விடைகள் 1, −2. முழு அணியின் தாழ்நிலை ஆற்றலும் அதே −2தான். மற்ற ஆற்றல்கள் சமச்சீர் பிரித்துவைத்த மற்றப் பெட்டிகளில் பத்திரமாக இருக்கின்றன.

எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதற்கும் துப்பு உண்டு. ஒன்றுக்கொன்று சமமான இரு உட்பின்னல்களாகப் பிரியும் எதிர்காந்தங்களில் (அண்டை ஸ்பின்கள் எதிரெதிராக நிற்க விரும்பும் பொருள்களில்) தாழ்நிலையின் மொத்த ஸ்பின் சுழி என்று இயற்பியலாளர்கள் லீபும் மேட்டிஸும் 1962-இல் நிறுவினார்கள். சுழற்றும்போது நிலை எப்படி மாறுகிறது என்பதைக் குறிக்கும் எண்ணே உந்தம்; பெட்டியின் மேல் ஒட்டிய அந்த உந்தச் சீட்டும் வெறும் அலங்காரமல்ல. நியூட்ரான் சிதறல் சோதனை அளப்பவற்றில் அந்த உந்தமும் ஒன்று. சீட்டில்லாத ஆற்றல் பட்டியலைச் சோதனையோடு எப்படி ஒப்பிடுவது?

முக்கியமான நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கிடும் அடர்த்தி அணி முறையை இயற்பியலாளர் ஸ்டீவன் வைட் 1992-இல் தந்தபின் இதெல்லாம் பழங்கதை என்போரும் உண்டு. அந்த முறையின் நிரல்களே அணிகளை ஸ்பின் எண்வாரியாகத் துண்டு போட்டுத்தான் வைத்துக்கொள்கின்றன.

எதிர்த்தரப்பில் ஓர் உண்மை இருக்கிறது. இணைப்புகள் தாறுமாறாக உள்ள பொருளில் சுழற்சிச் சமச்சீர் போய்விடும், தள்ளுபடியும் குறையும். அடுக்குப் பெருக்கத்தைச் சமச்சீர் தள்ளிப்போடுமே தவிர ஒழிக்காது. 2018-இல் ஆய்வாளர்கள் வீடெக்கும் லாய்க்லியும் 50 ஸ்பின் வரை துல்லியமாகக் கணக்கிட்டபோது, சமச்சீர்களைப் பிழிந்தெடுத்த பிறகும் சூப்பர் கணினி தேவைப்பட்டது. பெரிய இயந்திரம் கையில் இருந்தவர்களே சமச்சீரை விடவில்லை. விட்டிருந்தால் ஒரு அலைச்சார்புக்கு மட்டும் 9,000 டெராபைட்.