பையனிடம் வேலை பார்த்த முதலாளி

நேற்று நம்மிடம் வேலை பார்த்த பையன், இன்று பெரிய ஆள் ஆகிவிட்டான். "என்னிடம் வேலைக்கு வாருங்கள்" என்று கூப்பிடுகிறான். போக மனம் வருமா?

பலருக்கு வராது. "இவனை ஆளாக்கியதே நான்தான்" என்று பொருமுவார்கள். அந்தப் பொருமலில் தொழிலையும் கெடுத்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் ஒருவர் பொருமவில்லை. போனார். அதனால் அவரும் உயர்ந்தார், இசையும் உயர்ந்தது. அவர் பெயர், கிட் ஓரி.

தோட்டத்தில் பிறந்தவர்

லூயிசியானா மாநிலத்தில் ஒரு கரும்புத் தோட்டம். அங்கே 1886-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி ஓரி பிறந்தார். சிறு வயதில் வாத்தியத்தைத் தாமே செய்து வாசித்தார். பிறகு டிராம்போன் கற்றார்.

டிராம்போன் என்பது நீண்ட பித்தளைக் குழல். அதன் ஒரு பகுதியை முன்னும் பின்னும் இழுத்து ஊத வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் இசைக் குழுவினர் வண்டியில் ஏறி, தெருத் தெருவாக வாசித்துப் போவார்கள். குழல் நீளும்போது பக்கத்தில் இருப்பவரை இடிக்கும். ஆகவே டிராம்போன்காரருக்கு வண்டியின் கடைசியில்தான் இடம்! அந்த வாசிப்பு ஒரு தனிப் பாணி ஆயிற்று. அதில் பேர் பெற்றவர் ஓரி.

யாருக்கு வாய்ப்பு?

ஓரி, சொந்தமாக இசைக் குழு நடத்தினார். அவர்கள் வாசித்தது, அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த 'ஜாஸ்' இசை.

1918-ம் ஆண்டு, குழுவில் கார்னெட் ஊதிய ஜோ ஆலிவர் சிகாகோவுக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு ஓரி யாரைச் சேர்த்தார்? இருபது வயதுகூட ஆகாத ஓர் ஏழைப் பையனை!

அந்தப் பையன்தான் லூயி ஆம்ஸ்ட்ராங். பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர்.

ஓரி 1919-ல் கலிபோர்னியா சென்றார். அங்கும் குழு நடத்தினார். 1922-ல் இசைத்தட்டும் வெளியிட்டார்.

1925-ல் சிகாகோவில் ஆம்ஸ்ட்ராங், 'ஹாட் பைவ்' என்ற ஐவர் குழுவை அமைத்தார். டிராம்போன் ஊத, ஓரியை அழைத்தார். ஓரி தம் குழுவை விட்டுவிட்டுப் போனார். தாம் வேலை கொடுத்த பையனின் குழுவில் ஒருவராக உட்கார்ந்தார்.

தாங்குவது தாழ்வா?

"பணத்துக்காகப் போயிருப்பார்" என்று சிலர் சொல்லலாம். பணத்துக்காக மட்டும் வருகிறவர், ஏனோதானோ என்று ஊதுவார். அந்த இசைத்தட்டுகளைக் கேட்டால் உண்மை விளங்கும். ஆம்ஸ்ட்ராங்கின் இசை மேலே பறக்கும். கீழே ஓரியின் குழல் அதைத் தாங்கும். 1926-ல் வந்த 'மஸ்க்ரட் ராம்பிள்' என்ற பிரபலமான இசை, ஓரியின் பெயரில்தான் இருக்கிறது.

அடுத்து பொருளாதார மந்த காலம் வந்தது. 1930-களில் இசைக் கலைஞர்கள் பலருக்கு வேலை இல்லை. ஓரி கோழி வளர்த்தார்.

1944-ல் ஆர்சன் வெல்ஸ் நடத்திய வானொலி நிகழ்ச்சியில் ஓரியின் குழல் மறுபடி ஒலித்தது. மக்கள் கொண்டாடினார்கள். மீண்டும் குழுத் தலைவர் ஆனார். 1973-ல், 86-வது வயதில், ஹவாயில் காலமானார்.

தலைவராக இருக்கத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. தாம் தூக்கிவிட்டவனுக்குப் பக்கத்தில் மகிழ்ச்சியோடு உட்காரத் தெரிந்தவர்கள் சிலரே.

குடும்பத்திலும் இது பொருந்தும். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, கல்லாவை விடாத தகப்பன்மார் உண்டு. அவர்கள் ஓரியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்!