முதலில் அடையும் தண்ணீரும்



பதிவு கொஞ்சம் நீளம். பொறுப்பில் இருக்கிறவர்கள் மட்டுமாவது கடைசி வரை படியுங்கள். என்னிடம் படித்தவர்களில் இன்றைக்குத் தலைமை ஆசிரியர் இருக்கிறீர்கள், மகளிர் குழுத் தலைவி இருக்கிறீர்கள், வார்டு உறுப்பினர் இருக்கிறீர்கள். நம்ம கீழ்புத்துப்பட்டு முகாமில் இருந்து படித்துப் போய் வெளிநாட்டில் தமிழ்ச் சங்கம் நடத்துகிறவர்களும் உண்டு. "விட்டுடலாம்னு இருக்கேன் டீச்சர்" என்று உங்களில் சிலர் எனக்கு எழுதுகிறீர்கள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் குழந்தை உளவியல் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். தலைமை ஆசிரியருக்கு மனசு ஒடிந்தால் என்ன செய்வது என்று ஒரு பாடமும் இல்லை!

இப்படி எழுதுகிறவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. எனக்கு வருத்தம், அவர்களுக்குச் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் ஆறுதலில்தான். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் "விசுவாசம் குறைஞ்சிடுச்சு, உபவாசம் இரு" என்கிறார்கள். மற்றவர்கள் "மனசை ஸ்ட்ராங்கா வெச்சுக்கோ" என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். விழுந்து கிடக்கிறவரிடமே குற்றம் கண்டுபிடிப்பது.

பைபிளில் எலியாவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள் (1 இராஜாக்கள் 19). கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்டவர், யேசபேல் அனுப்பிய ஒரு மிரட்டலில் ஓடிப்போகிறார். கூட இருந்த வேலைக்காரனையும் பெயெர்செபாவில் விட்டுவிட்டுத் தனியாகப் போகிறார். இந்தச் சின்ன விவரத்தைப் பல பிரசங்கியார்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். சோர்வு வந்தவர் முதலில் செய்வது இதுதான், கூட இருக்கிற ஆளைக் கழற்றிவிடுவது. சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாவு வரட்டும் என்று வேண்டிக்கொண்டு தூங்கிவிடுகிறார்.

அப்போது அவருக்குக் கிடைத்தது உபதேசம் இல்லை. தணலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார், யாரும் திட்டவில்லை. மறுபடி எழுப்பிச் சாப்பாடு கொடுக்கப்படுகிறது. அதற்குப் பிறகு 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பின்புதான், "இங்கே உனக்கு என்ன வேலை" என்ற கேள்வியே வருகிறது.

நம் பக்கத்து உப்பளக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் தண்ணீரில் மூழ்கின. தண்ணீர் வடிய வேண்டும், வெயில் அடிக்க வேண்டும், அப்புறம்தான் பாத்தியில் கால் வைக்க முடியும். அதுவரை சும்மா இருப்பவரைப் பார்த்து உனக்கு நம்பிக்கை இல்லை என்று யாராவது சொல்வார்களா?

இதே கடற்கரையில் தெற்கே, கடலூர், சீர்காழி தாண்டினால் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்களின் கோட்டை இருக்கிற ஊர். பள்ளிச் சுற்றுலாவில் வந்தவர்களுக்கு நினைவிருக்கும். 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்க் என்ற ஜெர்மானிய இளைஞர் அங்கே வந்து இறங்கினார். டென்மார்க் அரசரே அனுப்பிய ஆள், ஆனால் அங்கிருந்த டேனிஷ் கவர்னருக்கே அவரைப் பிடிக்கவில்லை. மணலில் விரலால் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் படித்தார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே கவர்னர் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார். நான்கு மாதம். வெளியே வந்து வேலையைத் தொடர்ந்து 1711 மார்ச்சில் முடித்தார். அது 1715இல் தரங்கம்பாடியிலேயே அச்சாகி வந்தது.

சிறை அவரை உடைக்கவில்லை. உடைத்தது எது என்பதற்காகத்தான் இவரைச் சொல்கிறேன்.

நம் மக்களின் தெய்வ வழிபாட்டைக் கேட்டு, விசாரித்து 1713இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதில் நம்ம ஐயனாரும் உண்டு. ஜெர்மனியில் இருந்த அவருடைய சொந்தப் பெரியவர்களோ, இதை ஒழிக்கத்தானே உன்னை அனுப்பினோம் என்ற தொனியில் பதில் சொல்லி அதை அச்சிடாமல் வைத்துவிட்டார்கள். 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. பிறகு கோபன்ஹேகனில் மிஷன் சங்கத்தின் செயலாளராக வந்த வெண்ட் என்பவர், கட்டடம் எதற்கு, செலவு எதற்கு, அப்போஸ்தலர்கள் இப்படியா இருந்தார்கள் என்று கடுமையாகக் கடிதம் எழுதினார். ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவரை அந்தக் கடிதங்கள் இன்னும் தளர்த்தின என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1719 பிப்ரவரி 23 அன்று இறந்துபோனார். வயது 36.

எதிராளி போட்ட சிறையைத் தாங்கியவருக்கு, சொந்த ஆட்கள் எழுதிய கடிதத்தைத் தாங்க முடியவில்லை. உங்கள் கதைகளும் பெரும்பாலும் இப்படித்தானே? பொறுப்பில் இல்லாத மற்ற சொந்தங்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. குழுவின் கணக்கைக் கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். ஆனால் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். காலையில் வீட்டுக்குப் போய், ஒரு டம்ளர் காபி குடித்துக்கொண்டே கேளுங்கள்.

மறுபடி எலியாவுக்கு வருகிறேன். "நான் ஒருவன்தான் மிச்சம்" என்று அவர் புலம்பியதற்குக் கிடைத்த பதிலில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, 7000 பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு. இன்னொன்று, எலிசாவை உன் இடத்துக்குத் தயார் செய் என்ற வேலை. மோசேயும் இந்த ஜனத்தை என்னால் தனியாகச் சுமக்க முடியாது என்று அழுதபோது, பாரத்தைப் பகிர 70 மூப்பர்கள் கிடைத்தார்கள். தனியாகச் சுமப்பதை அங்கே யாரும் பெருமையாகப் பேசவில்லை.

சீகன்பால்க் பழைய ஏற்பாட்டை ரூத் புத்தகம் வரைதான் தமிழாக்க முடிந்தது. மிச்சத்தை அதே ஊருக்குப் பின்னால் வந்த ஷூல்ட்சே என்பவர் எடுத்து முடித்தார். இறந்தவருக்கு அது தெரியாது. நமக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. ஆகவே பொறுப்பில் இருக்கும் என் பிள்ளைகளே, இந்த வாரம் நன்றாகத் தூங்குங்கள். பிறகு உங்கள் வேலையில் ஒரு பகுதியை, பேங்க் பாஸ்புக்கோ கூட்டத்தின் மினிட்ஸ் நோட்டோ, ஏதாவது ஒன்றை இன்னொருவர் கையில் கொடுங்கள். யாரிடம் என்று இங்கே கமெண்டில் எழுத வேண்டாம், அவரிடமே நேரில் போய்ச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்