உங்கள் கதையை எங்கே முடிக்கிறீர்கள்?

சகோதரிகளே, போன ஐப்பசியில் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு விடாத மழை. துணிகளை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப் போட்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வாழ வந்திருக்கும் பெண், கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். பேச்சுவாக்கில், "அக்கா, நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?" என்று கேட்டாள்.

கேட்டாளோ இல்லையோ, நான் என்னுடைய வழக்கமான கதையைத் தொடங்கிவிட்டேன். "பத்தாவதுல நானூத்திப் பன்னெண்டு மார்க்கு எடுத்தேன். டீச்சர் ஆவணும்னு உசுரா இருந்தேன். மேல படிக்கணும்னா பஸ் ஏறிப் போவணும். பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்ப முடியாதுன்னு எங்கப்பா நிறுத்திட்டாரு. இருபது வயசுல கல்யாணம். மூத்தவன் பொறந்தான். அப்புறம் இவ பொறந்தா. அதோட எல்லாம் முடிஞ்சு போச்சு."

'இவ' என்று நான் கை காட்டிய என் மகள், மூலையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ப்ளஸ் டூ படிக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் போன பிறகு, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "அம்மா, யாரு கேட்டாலும் நீ இதே கதையைத்தான் சொல்றே. எப்பவும் நான் பொறந்ததோட முடிஞ்சு போச்சுன்னுதான் முடிக்கிறே. அப்போ அந்தக் கதையில நான் யாரும்மா?"

எனக்குப் பதில் வரவில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும் சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொண்டேன். என் குறையைத்தான் சொல்கிறேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். 'நீ வந்ததால்தான் என் வாழ்க்கை கெட்டது' என்று அவள் காதுபடச் சொல்லி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. முன்பு எப்போதோ படித்த ஒரு செய்தி ஞாபகத்துக்கு வந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற மனோதத்துவப் பேராசிரியர், கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்து 1986-ல் வெளியிட்டார். தொடர்ந்து நான்கு நாட்கள், தினம் 15 நிமிஷம், மனதை அரித்த ஒரு விஷயத்தைச் சிலர் எழுத வேண்டும். மற்றவர்கள் ஏதோ சாதாரண விஷயத்தை எழுத வேண்டும். மனதில் கிடந்ததை எழுதியவர்களுக்கு அப்போதைக்குத் துக்கம் அதிகமாகத்தான் இருந்ததாம். ஆனால், நடந்ததையும் அப்போது பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்திருந்தது.

நாலு நாள்தானே, பார்ப்போமே என்று மகனுடைய பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் எழுதத் தொடங்கினேன். பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, எல்லாரும் படுத்ததும் 15 நிமிஷம். முதல் நாளும் இரண்டாம் நாளும் அதே பழைய பாட்டுதான். அப்பா, பஸ், 412 மார்க்கு. எழுதினேன், அழுதேன், படுத்தேன்.

மூன்றாம் நாள் எழுத ஒன்றும் மிச்சமில்லை. 'இவள் பிறந்தாள்' என்பதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யோசித்தேன். எத்தனையோ வருஷம் நடந்திருக்கிறது! என் கதையில்தான் அது ஒரு வரிகூட இல்லை.

எங்கள் நல்லூருக்குப் பக்கத்து டவுன் விருத்தாசலம். பீங்கான் சாமானுக்குப் பேர்போன ஊர். கொலு பொம்மை, அகல் விளக்கு எல்லாம் அங்கே செய்வார்கள். என் வீட்டுக்காரருக்கு அங்கே சூளையில் வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், நவராத்திரிக்கு முந்திய மாதங்களில் நானும் பொம்மைக்கு வண்ணம் தீட்டப் போனேன். கண் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். கருவிழி இம்மி நகர்ந்தாலும் பொம்மைக்கு மாறுகண் வந்துவிடும். முதல் வாரம் கை நடுங்கிற்று. பிறகு நான் எழுதினால்தான் கண் உயிரோடு இருக்கிறது என்று சொல்கிற அளவுக்குக் கை பழகிவிட்டது. அந்தக் காசில்தான் இவளுக்குப் பள்ளிக்கூட வேன் கட்டணம் கட்டினேன். நான் பஸ் ஏறிப் படிக்கப் போக முடியவில்லை. என் மகள் வேனில் போனாள், அதுவும் என் கையால் சம்பாதித்த காசில்! இதை ஒருவரிடமாவது நான் சொன்னதுண்டா? இல்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. என் கதையில் மாமியார் என்றால், 'உட்கார விடமாட்டாங்க' என்ற ஒரே வரிதான். ஆனால் நான் பொம்மை வேலைக்குப் போன நாட்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது யார்? கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத அத்தைதான். "நீ போய்ட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்று தினமும் வாசல்வரை வந்து அனுப்புவார். அவர் இறந்து மூன்று வருஷமாகிறது. இருந்தபோது ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லவில்லையே என்று அன்றைக்கு அழுதது வேறு அழுகை.

நம் கதையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்று ஒரு குடும்பத் தலைவி இருந்தார். 12 வயதில் கல்யாணம், 12 பிள்ளைகள். பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொன்ன காலம் அது. ஒரு பக்திப் புத்தகத்தின் ஏட்டைச் சமையலறையில் ஒளித்து வைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துத் தானே படிக்கக் கற்றார். அவர் எழுதிய சுயசரிதை 1876-ல் அச்சில் வந்தது. அதில் போர் இல்லை, அரண்மனை இல்லை. ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டு, தனக்கு ஒரு வாய் சோறு கிடைக்காமல் போன நாளைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறார். இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள்.

எழுதத் தெரிந்தால்தான் முடியும் என்பதும் இல்லை. புதுச்சேரிப் பக்கத்துக் கிராமத்தில் வயல் வேலை செய்த வீரம்மா என்ற அம்மாள், எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒப்பாரி பாடுவதில் கெட்டிக்காரர். 12 பிள்ளை பெற்று, மூன்றுதான் தங்கியது. ஜோசியான் ரசீன் என்ற பெண்மணி பல வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க, அவர் தம் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே போனார். அது 1995-ல் பிரெஞ்சிலும் 1997-ல் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்தது. அவ்வளவு துக்கத்துக்கு நடுவிலும் சிரிக்கவும் கேலி பேசவும் அவருக்கு முடிந்தது.

இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். கதை என்பதால் பொய்யாக ஜோடிக்கச் சொல்லவில்லை. சூளையில் விரிசல் விட்ட சாமானை என்ன வண்ணம் பூசி மறைத்தாலும், விரலால் தட்டினால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். என் படிப்பு நின்றது நஷ்டம்தான், இன்றைக்கும் வலிக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. அதோடு கதையை முடிக்காமல் இருந்தால் போதும். நடந்ததை மாற்ற முடியாது; எதை விட்டுவிட்டோம், எங்கே முற்றுப்புள்ளி வைத்தோம் என்பதை மாற்றலாம்.

இரண்டாவது, அடி உதையைப் பொறுத்துக்கொள்வதற்கு இது மருந்து இல்லை. 'இதுவும் என் கதையில் ஒரு அத்தியாயம்' என்று யாரும் வாங்கிக்கொண்டு இருக்க வேண்டாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எழுத எழுத மனம் இன்னும் கலங்கினால் நோட்டை மூடி வையுங்கள். பல நாள் தூக்கம் கெட்டால் டாக்டரைப் பாருங்கள்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு 15 நிமிஷம் ஏது என்பீர்கள். ஐந்து நிமிஷம் போதும். பால்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கமே போதும். 'அதோட எல்லாம் முடிஞ்சு போச்சு' என்று நீங்கள் சொல்லும் இடம் எதுவோ, அதற்கு அடுத்த நாளிலிருந்து எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால், நம்பிக்கையான ஒருத்தியிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் காதில் விழும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் வந்திருந்தபோது, பொம்மைக்குக் கண் எழுதிய கதையைச் சொன்னேன். அத்தையைப் பற்றியும் சொன்னேன். "நாலு வருஷம் போனேன்" என்றேன். மூலையில் படித்துக்கொண்டிருந்த என் மகள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே திருத்தினாள்:

"நாலு இல்லம்மா, அஞ்சு. கடைசி வருஷம் என்னையும் கூட்டிட்டுப் போனியே. ஒரு பொம்மைக்கு நான்தான் பொட்டு வச்சேன்."